கல்பாக்கம் 2003: கேள்வி கேட்க வேண்டியவர் எங்கே போனார்?

2003 ஜனவரி 21. கல்பாக்கத்தில், பயன்படுத்திய அணு எரிபொருளை மறுபடி பிரித்தெடுக்கும் ஆலையில் ஒரு வால்வு பழுதாகிறது. வீரியம் குறைந்த கழிவு மட்டுமே இருக்க வேண்டிய தொட்டிக்குள் கடும் கதிரியக்கக் கழிவு புகுந்துவிடுகிறது. மாதிரி எடுக்கப் போன ஊழியர்களுக்கு அது தெரியாது. எச்சரிக்க அந்த இடத்தில் கதிர்வீச்சுமானியும் இல்லை. ஆறு பேர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

ஊழியர் சங்கம் கடிதம் எழுதியது, வேலைநிறுத்தமும் செய்தது. கேட்டவற்றில் ஒன்று, முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது. அதாவது, அதுவரை அப்படி ஒருவர் இல்லை! ஆலையை நடத்தும் பாபா அணு ஆராய்ச்சி மையம் விபத்தைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள ஆறு மாதங்களுக்கு மேல் ஆனது.

'அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்ன செய்துகொண்டிருந்தது?' என்று கேட்பீர்கள். தலையிட அதற்கு அதிகாரமே இல்லை. 2000-லேயே பாபா மையத்தை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து அரசு விலக்கிவிட்டது. மையத்தின் பாதுகாப்பை மையத்தின் குழுவே பார்த்துக்கொள்ளும். பரீட்சை எழுதியவரே விடைத்தாளையும் திருத்துகிற ஏற்பாடு.

சரி, வாரியத்தின் கண்காணிப்பில் உள்ள இடங்களில்? கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளை மீறினால் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்தான் என்று 2012-ல் சிஏஜி அறிக்கை சுட்டிக்காட்டியது. ஹெல்மெட் போடாமல் மாட்டினால் இன்று 1,000.