அச்சமும் மன அழுத்தமும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கென வகுத்துரைக்கின்றது. தெய்வமும் பேயும் போல வருத்துவதாகிய அணங்கு ஒன்று, கொடுவிலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம்மை ஆளும் இறை எஞ்சிய ஒன்று. இந்நான்கனையும் ஓதிச் செல்வோர் இவற்றை ஒருநிகரனவாகவே கொண்டு போவர். உற்று நோக்குவார்க்கு இவற்றிடை ஒரு வேறுபாடு புலனாகும். விலங்கு பாய்ந்து வரும். தப்பினார்க்கு அவ்வச்சம் அன்றோடு தீர்ந்தது. கள்வன் இரவில் வருவான். விளக்கேற்றிக் கூவினால் ஓடிவிடுவான். இறையோ போவதன்று. நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது, நாளைக் காலையிலும் அதன்முன் சென்று நிற்றல் வேண்டும். முன்னையவை வந்து நீங்கும் அச்சம். பின்னையது உடனுறையும் அச்சம். இக்காலத்தார் மன அழுத்தம் எனப் பெயரிட்டு வழங்குவது பெரும்பான்மையும் இப்பின்னையதேயாம். அதனால் உடம்பு எய்துவன யாவை, இயல்பான நெறியில் அது தணியுமாறு யாங்ஙனம் என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

மெய்ப்பாடு என்னுஞ் சொல், உள்ளத்து நிகழ்வது உடம்பின்கட் புலப்படுதலைக் குறித்து நின்றது. அப்புலப்பாடு உடம்பினுள்ளே நிகழுமாற்றை அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உடலியற் பேராசிரியர் வால்ட்டர் கேனன் என்பார் பல்லாண்டு ஆராய்ந்து 1915-இல் நூலாக்கினார். அவ்வாராய்ச்சிக்கு வித்தாயது ஒரு பூனை. எக்ஸ் கதிர் 1895-இல் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள், அக்கதிர்கொண்டு பூனையின் இரைப்பை உணவை அரைக்கும் அசைவுகளை அவர் நோக்கிவந்தார். பூனை கலக்கமுற்றபொழுதெல்லாம் அவ்வசைவு நின்றுவிடுதலையும், அது தெளிந்து அமைந்தபின் மீளத் தொடங்குதலையும் கண்டார். செரிமானத்தை நோக்கப் புகுந்தவர் அச்சத்தை நோக்குவாராயினார்.

சிறுநீரகம் ஒவ்வொன்றன் தலைமேலும் தொப்பி கவித்தாற்போல ஒரு சிறு சுரப்பி அமைந்துள்ளது. அதனை அட்ரீனல் என்ப. புலி எதிர்ப்பட்டவழி, மூளையினின்றும் நரம்பின்வழி நொடிப்பொழுதில் ஏவல் பிறக்க, அச்சுரப்பி அட்ரினலின் என்னும் நீரைக் குருதியிற் கலக்கின்றது. நெஞ்சு விரைந்து துடிக்கும், மூச்சு மிகும், ஈரல் தான் சேமித்து வைத்த சர்க்கரையைக் குருதியில் விடும், தோலுக்கும் குடலுக்கும் செல்லும் குருதி குறைந்து கை கால்களின் தசைக்கு மிகுதியாகப் பாயும், கண்ணின் பாவை விரியும், வாய் உலரும். ஓடுதற்கும் எதிர்த்துப் பொருதற்கும் வேண்டுவன எல்லாம் ஒருங்கு திரட்டப்படுகின்றன. அவ்வேளைக்கு வேண்டாதனவாகிய செரித்தல் முதலியன நிறுத்தப்படுகின்றன. வாயுலர்தலைக் கொண்டு, களவின்கண் ஐயுறப்பட்டாரை அரிசி மென்று உமிழச்செய்து, உலர்ந்தபடி உமிழ்ந்தவனைக் குற்றவாளியெனத் துணியும் வழக்கம் பண்டு இந்நாட்டில் இருந்தது. குற்றமில்லாதானும் அஞ்சினால் அவன் வாயும் உலரும் என்பதனை அத்தீர்ப்பாளர் எண்ணினாரிலர்.

இவ்வேற்பாட்டின்கட் குறையொன்றும் இன்று. புலியைக் கண்ட மான் உயிர்பிழைத்தல் இதனானேயாம். பிழைத்த மான் சிறிது நேரங்கழித்துப் புல்மேயத் தொடங்குதலும் ஈண்டு நோக்கத்தக்கது. அட்ரினலின் சில நிமிடங்களுள் குருதியினின்றும் நீங்கிவிடும். அதன்பின் வருவது கார்ட்டிசால் என்னும் மற்றொரு நீர். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவ, அஃது அட்ரீனலின் புறவடுக்கை ஏவ, ஆண்டுச் சுரப்பது இது. மெல்லத் தோன்றி அரைமணி அளவில் உச்சமெய்தி, பின்னர் மெல்லத் தணிவது இதன் இயல்பு. குருதியோடு மூளையை எய்தி, தன்னை ஏவிய உறுப்புகளையே இனி ஏவற்க என அமைதிப்படுத்துதலும் இதன் தொழிலாம். எனவே, தொடங்குதற்கேயன்றி முடிதற்கும் இயற்கை வழிவகுத்திருக்கின்றது என்க.

அற்றேல், தீங்கு எவ்வழி விளைகின்றது எனின், முடிதற்கு இடனில்லாதவழி விளைகின்றது. வியன்னாவிற் பிறந்து கானடா நாட்டு மான்ட்ரியல் நகரத்திருந்து ஆராய்ந்த ஹான்ஸ் செலி என்பார் 1936-இல் ‘நேச்சர்’ என்னும் இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை ஈண்டுக் கருதத்தக்கது. குளிர், காயம், மிகையான உழைப்பு, நஞ்சு எனத் தம்முள் ஒவ்வாத துன்பங்களுக்கு எலிகளை உட்படுத்தியபோதும், எல்லாவற்றினும் ஒரேவகை மாறுதலை அவர் கண்டார்: அட்ரீனல் பருத்திருந்தது, நோய் தடுக்கும் உறுப்புகளுள் ஒன்றாகிய தைமஸ் சுருங்கியிருந்தது, இரைப்பையிற் புண் தோன்றியிருந்தது. முதற்கண் திடுக்குறுதலும், பின் தாங்கிநிற்றலும், துன்பம் நீளின் ஈற்றில் ஓய்ந்து வீழ்தலும் என மூன்று நிலை அவராற் கூறப்பட்டன. இதற்கு அவர் இட்ட ஸ்ட்ரெஸ் என்னும் பெயர் பொறியியலாரிடத்து வழங்கியது. இரும்பின்மேல் அழுத்தும் விசையை ஸ்ட்ரெஸ் என்றும், அதனால் இரும்பு நெளிதலை ஸ்ட்ரெயின் என்றும் அவர் பிரித்துரைப்பர். உடம்பின் நெளிவைக் கூறவந்த செலி விசையின் பெயரை அதற்கு இட்டுவிட்டார். ஆங்கிலம் தமக்குத் தாய்மொழியன்மையின் நேர்ந்த வழு அது எனப் பின்னாளில் அவரே ஒப்பினார். அதனை மொழிபெயர்த்த தமிழிலும் அழுத்தம் என்று காரணத்தின் பெயரே காரியத்திற்கு நின்றது. சொல்லின்கட் பிறந்த இம்மயக்கம் பொருளினும் புகுந்து, எந்நோய்க்கும் மன அழுத்தமே காரணம் என்பாரும் உளராயினர். அது பொருந்தாது. கவலையால் வருவதென்று நெடுங்காலம் எண்ணப்பட்ட இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு நுண்கிருமியே காரணம் என்பதனை ஆஸ்திரேலிய நாட்டு ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர் 1980-களில் நிறுவி, 2005-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, இறையென்னும் நான்காவது களனுக்கு வருதல் வேண்டும். உயர்ந்த பதவியில் இருப்பார்க்கே கவலை மிகுதி, ஏவலாளன் கவலையற்றவன் என்பது உலகத்தார் பலர் கொள்கை. லண்டன் மாநகரத்து அரசாங்க அலுவலகங்கள் செறிந்த ஒயிட்ஹால் என்னும் வீதியின் பெயரால் வழங்கும் ஆராய்ச்சி இக்கொள்கையைத் தகர்த்துவிட்டது. 1967-இல் தொடங்கிய அதன்கண், 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஆடவராகிய அலுவலர் 17,000-க்கு மேற்பட்டார் பல்லாண்டு பின்தொடர்ந்து நோக்கப்பட்டனர். கடிதங்கொண்டு செல்வாரும் வாயில் காப்பாருமாகிய கடைநிலையோர், தலைமை அலுவலரினும் ஏறத்தாழ மும்மடங்கு இதயநோயால் இறந்தனர். வறுமையே காரணமெனின், வறியரல்லாத இடைநிலையோரும் தம்மின் ஒருபடி மேலோரினும் மிகுதியாக இறந்தமைக்கு அது விடையாகாது. புகைபிடித்தலும் குருதியழுத்தமும் பிறவும் இவ்வேறுபாட்டில் ஒரு பகுதியையே விளக்கின. 1985-இல் ஆடவரும் மகளிருமாக 10,308 பேரைக் கொண்டு தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சி, எஞ்சியதற்கு ஒரு காரணத்தைச் சுட்டிற்று: தம் வேலையைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் உரிமை எவர்க்குக் குறைவோ அவர்க்கு இதயநோய் மிகுதி. வேலையின் பளுவினும், அப்பளுவின்மேல் தனக்கு ஆட்சியின்மையே கொடிது என்பது இதனாற் பெறப்படும்.

புலிக்கென அமைந்த ஏற்பாடு மேலதிகாரிக்கு நாடோறும் எழுப்பப்படின், ஓட்டத்திற்கென விடப்பட்ட சர்க்கரை ஓடாத உடம்பிற் சுற்றும், குருதியழுத்தம் உயர்ந்தபடி நிற்கும், உணவு செரியாது, நள்ளிரவில் தாழ்ந்திருத்தற்குரிய கார்ட்டிசால் தாழாமையின் உறக்கம் கலையும், உறக்கங் கலைந்தமையின் மறுநாட் சினம் மிகும். காயம் ஆறுதலும் தாழ்க்கும். 1995-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அறிவு மறதிநோயுற்ற உறவினரை வீட்டில் வைத்துப் பேணிவந்த 13 மகளிர்க்கும், அத்தகைய சுமையில்லாத 13 மகளிர்க்கும் கையில் ஒரே அளவான சிறு காயம் செய்து நோக்கியபோது, முன்னவர்க்கு அது ஆறுதற்கு ஏறத்தாழ ஒன்பது நாள் மிகையாகத் தேவைப்பட்டது. அம்மகளிர் செய்தது அன்பின் தொழிலே. ஆயினும் உடம்பு அதற்கும் கணக்கு வைத்திருந்தது.

இதனைத் தணிக்குமாறு யாங்ஙனம்? கவலைப்படாதே என்று கூறுவார் பலர். அச்சொல் பயன்படாமைக்குக் காரணம் உண்டு. நெஞ்சின் துடிப்பும் குடலின் அசைவும் சுரப்பிகளின் தொழிலும் மனத்தின் நேரான ஏவலுக்கு அடங்குவனவல்ல. நெஞ்சே மெல்லத் துடி என்றால் அது கேளாது. இவற்றோடு ஒருங்கு இயங்கியும் மனத்தின் ஏவலுக்கு அடங்கி நிற்பது மூச்சு ஒன்றே. நினையாதபோதும் தானே நிகழும். நினைத்தால் நெடிதாகவும் குறிதாகவும் ஆக்கலாம். இருபாலும் திறக்குங் கதவு அது. மூச்சு உள்ளே புகும்போது நெஞ்சு சிறிது விரைந்தும், வெளியேறும்போது சிறிது தாழ்ந்தும் துடிக்கும். நாடியிற் கைவைத்து மெல்ல மூச்சுவிட்டுப் பார்ப்பார் பலர்க்கு இது தெரியவரும். மூளையடியினின்றும் இறங்கி நெஞ்சையும் இரைப்பையையும் சார்ந்து செல்லும் வேகஸ் நரம்பு வெளிமூச்சின்போது மிகுதியாகத் தொழிற்பட்டு நெஞ்சின் விரைவை அடக்குதலே இதற்குக் காரணம். அப்பெயர்க்கு அலைந்து திரிவது என்பது பொருள்.

திருமூலர் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில், எட்டுறுப்புகளுள் நான்காவதாகிய பிராணாயாமத்தை ஓதுமிடத்து, பூரகத்துக்குப் பதினாறும் கும்பகத்துக்கு அறுபத்து நான்கும் இரேசகத்துக்கு முப்பத்திரண்டும் மாத்திரையாக வகுத்தமை யாவரும் அறிந்தது. உள்வாங்குதலினும் வெளிவிடுதல் இருமடங்காக நிற்றல் ஈண்டு நோக்கத்தக்கது. அந்நூல் இதனைக் கவலை தீர்த்தற்குரிய மருந்தாகக் கூறிற்றிலது. அதன் நோக்கம் வேறு. அறுபத்து நான்கு மாத்திரை மூச்சடக்குதல் ஆசிரியனின்றிப் பயிலத்தக்கதுமன்று. ஈண்டு வேண்டுவது அதன் சிறுகூறாகிய நெடிய வெளிமூச்சு மட்டுமே. நான்கு எண்ணும்வரை மூக்கால் உள்வாங்கி, அடக்காமல், ஆறு அல்லது எட்டு எண்ணும்வரை விடுத்தல் போதும். நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு என்னும் அளவில் இது நிற்கும். இத்தாலி நாட்டுப் பவியா நகரத்தார் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 23 பேர் இலத்தீன் மொழியில் மாதா மந்திரத்தை ஓதியபோதும், யோக மந்திரத்தை உருவேற்றியபோதும், அவர்தம் மூச்சு தானே நிமிடத்துக்கு ஆறளவிற்கு இறங்கிற்று. குருதியழுத்தத்தை நிலைநிறுத்தும் உடம்பின் ஏற்பாடும் செம்மையுற்றது. சமயம் வேறு, மொழி வேறு. மூச்சின் அளவு ஒன்றாயிருந்தது.

ஓடுதற்கென எழுந்த உடம்பை ஓரளவு ஓடவிடுதலும் இயற்கையான தீர்வே. அலுவல் முடிந்தபின் அரைமணி விரைந்து நடப்பவன், தன் குருதியிற் சேர்ந்ததனை அதற்குரிய வழியிற் செலவிடுகின்றான். காப்பியை மாலையில் விலக்குதல் உறக்கத்துக்கு நன்று. கள்ளும் மதுவும் உறக்கம் தருவனபோலத் தோன்றி, பின்னிரவில் அதனைக் கெடுக்கும். மனம் ஒத்த ஒருவரிடம் வாய்விட்டுக் கூறுதலும் சுமையைக் குறைக்கும். மார்பில் நோவு, பல வாரம் நீளும் உறக்கமின்மை, உயிர்வெறுப்பு ஆகியவை உண்டாயின் இவற்றை நம்பிக் காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைதல் வேண்டும்.

இவையெல்லாம் அஞ்சுவோன் செய்தற்குரியன. அச்சத்தின் களனாகிய இறை செய்தற்குரியது யாதும் இல்லையோ எனின், உண்டு. ஒயிட்ஹாலின் கடைநிலையோனுக்கு மூச்சை மட்டும் கற்பித்து அனுப்புதல், தேளுள்ள அறையில் இருப்பானுக்குக் கடிமருந்தைக் கொடுத்துக் கதவைப் பூட்டுதல் போலும். இரண்டாம் ஆராய்ச்சி கண்டது அறிவுரைக் குறையன்று, உரிமைக் குறையேயாம். நாளைய வேலையை இன்றே அறிவித்தல், இரண்டு வேலையுள் எது முன்னதென்பதைச் செய்வோனே முடிவுசெய்ய விடுதல், பிழை நேர்ந்தவழிப் பலர்முன் இகழாது தனியே அழைத்துக் கூறுதல், வேலைநேரம் கழிந்தபின் ஏவாதிருத்தல் என்னும் இவற்றிற்கு எந்த அலுவலகத்தும் பொருட்செலவு இல்லை.