துருவின் சூடு

ரேடியோ அலைகளின் வழியே தரையிலிருந்து இயக்கப்படும் சிறு விமானங்களைக் குளிர்நாடுகளில் பறக்கவிடுவோர், பனிக்காலத்தில் விமானத்தைக் காப்பதற்கு முன் தங்கள் விரல்களைக் காக்க வேண்டியிருக்கிறது; ஏனெனில் கட்டுப்பாட்டுக் கருவியின் இரண்டு குச்சிகளையும் மில்லிமீட்டர் அளவில் அசைத்து விமானத்தைத் திருப்புபவை அவ்விரல்களே. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் விரல்களின் நுண்ணிய அசைவு தடுமாறத் தொடங்குகிறது. 8 டிகிரியை நெருங்கும்போது தொடுவுணர்வும் மங்கிவிடுகிறது. விரல்நுனிகளில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குக் குழாய்கள் உண்டு. உடல் குளிரும்போது இவை நரம்புகளின் தூண்டுதலால் சுருங்கி மூடிக்கொள்ள, சூடான குருதி இதயத்தையும் நுரையீரலையும் காக்கும் பொருட்டு உள்ளேயே நிறுத்தப்படுகிறது. ஆகவே மார்பும் முதுகும் குளிரில் நடுங்கும்போது கையுறையை மட்டும் தடிப்பாக்குவதால் பெரும் பயன் இல்லை. மேலும், விரல்களை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பாலானவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் அமைந்திருப்பதால், முன்கையைக் கதகதப்பாக வைத்திருப்பது விரலுக்கே செய்யும் உதவியாகும்.

இதற்காக அவர்கள் பயன்படுத்தும் பொருள்களில் அறிவியல் நோக்கில் மிகச் சுவையானது, உள்ளங்கையில் அடங்கும் சூட்டுப் பொட்டலம். 1970-களின் இறுதியில் ஜப்பானியக் கடைகளில் பரவலான இப்பொட்டலத்துக்குள் நுண்ணிய இரும்புத்தூள், சிறிது நீர், உப்பு, கரித்தூள், ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு கனிமத்தூள் ஆகியவை கலந்திருக்கும். காற்றுப் புகாத மேலுறையைக் கிழித்தவுடன், உட்பையின் நுண்துளைகள் வழியே நுழையும் ஆக்சிஜன் ஈரமான இரும்புடன் சேர்கிறது. அதாவது இரும்பு துருப்பிடிக்கிறது. ஒரு கிராம் இரும்பு முழுவதும் ஆக்சைடாக மாறினால் ஏறத்தாழ 7.4 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். வீட்டு ஜன்னல் கம்பியிலும் இதே வினை நிகழ்கிறது. எனினும் அது ஆண்டுக்கணக்கில் நீள்வதால் வெப்பம் உணரப்படாமல் கரைந்துபோகிறது. தூளாக்கிய இரும்பிலோ காற்றுபடும் பரப்பு பன்மடங்கு பெருகிவிடுவதாலும், உப்பு வினையை விரைவுபடுத்துவதாலும், அந்த வெப்பம் சில மணி நேரத்திலேயே வெளிவந்துவிடுகிறது. பொட்டலம் 50 டிகிரிக்கு மேல் சூடேறக்கூடும். 44 டிகிரிச் சூடே ஆறு மணி நேரம் தோலில் தொடர்ந்து பட்டால் புண்ணாக்கிவிடும் என்பதால், அதனை நேரடியாகத் தோலில் வைத்துக் கட்டக் கூடாது.

திருவள்ளூர் மாவட்டத்தில் எந்த மார்கழியிலும் இத்தகைய பொட்டலம் தேவைப்படாது. அருகிலுள்ள சென்னையில் இதுவரை பதிவான கடுங்குளிரே 14 டிகிரியை ஒட்டியதுதான். ஆயினும் பொட்டலத்தினுள் நிகழும் வினை, மாவட்டத்தின் வடகோடியிலுள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு அன்றாடப் பழக்கமுள்ளது; அங்கே அது வேண்டாத விருந்தாளி. கட்டடக் கம்பி தயாரிக்கும் அங்குள்ள உருக்காலைகள், மின்தூண்டல் உலைகளில் பழைய இரும்புடன் ஸ்பாஞ்ச் அயர்ன் எனப்படும் கடற்பஞ்சு போன்ற இரும்பையும் உருக்குகின்றன. இரும்புத்தாதுவை உருக்காமலே, ஏறத்தாழ 1,000 டிகிரிச் சூட்டில் நிலக்கரியின் உதவியால் அதிலுள்ள ஆக்சிஜனை மட்டும் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது இது. இரும்பு உருக 1,538 டிகிரி தேவையாதலால், ஆக்சிஜன் வெளியேறிய இடங்கள் மூடிக்கொள்ளாமல் துளைகளாகவே நின்றுவிடுகின்றன. உடைத்துப் பார்த்தால், கருஞ்சாம்பல் நிறக் கட்டியின் உட்புறம் முழுவதும் நுண்துளைகளாக இருக்கும். இழந்த ஆக்சிஜனைத் திரும்பப் பெறும் வேட்கையோடும், அதற்கேற்ற பெரும் உட்பரப்போடும் இருக்கும் இப்பொருள், தன்னியல்பிலேயே பாதி ஆயத்தமான சூட்டுப் பொட்டலம் எனலாம்.

தனியே கிடக்கும் ஒரு கட்டி தன் வெப்பத்தை உடனுக்குடன் காற்றில் இழந்துவிடும். குவியலிலோ வெப்பம் பிறப்பது முழுக் கொள்ளளவிலும், வெளியேறுவது மேற்பரப்பில் மட்டும் என்பதால், நடுப்பகுதி சூடேறுகிறது. சூடு ஏற ஏற வினை விரைகிறது, விரையும் வினை மேலும் சூடாக்குகிறது. ஈரம் பட்டால் நீரிலிருந்து ஹைட்ரஜனும் பிரிகிறது. காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பிடிக்கப் போதுமானது. இதனால்தான், கட்டிகளாகவும் உருண்டைகளாகவும் உள்ள ஸ்பாஞ்ச் அயர்னின் வெப்பநிலை 65 டிகிரியையோ, ஈரப்பதம் 0.3 சதவீதத்தையோ தாண்டினால் கப்பலில் ஏற்றக் கூடாது என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு விதித்துள்ளது. இவ்வகைச் சரக்கு உள்ளுக்குள் சூடேறியதால் ஆபத்துக்குள்ளான அடமண்டாஸ் என்ற கப்பலை, 2003 செப்டம்பரில் ரியூனியன் தீவுக்கு அருகே பிரெஞ்சுக் கடற்படை வெடிவைத்து மூழ்கடிக்க நேர்ந்தது.

கும்மிடிப்பூண்டிக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. வங்கக் கடலும் தொலைவில் இல்லை. பொட்டலத்தில் மனிதர் கலக்கும் நீரையும் உப்பையும் இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையும் கடற்காற்றும் தாமாகவே கொண்டுவருகின்றன. ஆகவே கூரையும், மழைநீர் தேங்காத தளமும் இல்லாத இடத்தில் ஸ்பாஞ்ச் அயர்னைக் கொட்டிவைப்பது பெரும் பிழை. குவியல் சூடேறிவிட்டால் அதன்மேல் தண்ணீர் தெளிப்பது ஹைட்ரஜனை வரவழைக்கும் செயல். குவியலைக் கலைத்து மெல்லிய படலமாகப் பரப்பிவிட்டால், பிறக்கும் வெப்பம் தேங்காமல் வெளியேறிவிடும். நனைந்த சரக்கை அப்படியே உலையில் இடுவது இன்னும் கொடியது: 1,600 டிகிரியை ஒட்டிய உருகிய உருக்குக்குள் சிக்கும் நீர், கணப்பொழுதில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிவதால், உலைவாயில் நிற்பவர் மீது உருக்கு வாரியடிக்கிறது. சூட்டுப் பொட்டலத்தின் உறையில்கூட எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்போது, உலையருகே வேலை செய்யும் பிகார், ஒடிசா தொழிலாளர்கள் படிக்கும்படி, ஈரச் சரக்கை உலையில் இடக் கூடாது என்ற அறிவிப்பு இந்தியிலும் ஒடியாவிலும் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும்.