மேல்வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடின் அகச்சிவப்புக் குளிர்ச்சி

தரைக்கு அருகே காற்றைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு, மிக உயரத்தில் காற்றைக் குளிர்விக்கிறது. முரண்போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சாலை வழியே சுமார் 90 கி.மீ. அதே தூரம் நேர்மேலே சென்றால் இடையடுக்கு முடிந்து வெப்ப அடுக்கு தொடங்கும். ஓசூர் சிப்காட் ஆலைகளும் நெடுஞ்சாலை லாரிகளும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, உலகக் காற்றோடு கலந்து நாளடைவில் அங்கும் போய்ச் சேர்கிறது.

இம்மூலக்கூறு வளைந்து அதிரும்போது 15 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை உட்கவரும் அல்லது உமிழும். உமிழ ஏறக்குறைய முக்கால் நொடி தேவை. தரையருகே ஒரு நொடியில் பல நூறு கோடி மோதல்கள் நிகழ்வதால், கவர்ந்த ஆற்றல் அதற்குள் பக்கத்து மூலக்கூறுகளுக்கு வெப்பமாகப் போய்விடும். உமிழப்படும் சிறிதளவையும் சுற்றியுள்ள வாயுவே பிடித்துக்கொள்ளும். உயரத்திலோ காற்று மெலிது. வேகமாக வரும் ஆக்சிஜன் அணு மோதி மூலக்கூறை அதிரவைக்கிறது; அது உமிழும் கதிரில் மேல்நோக்கிய பங்கைத் தடுக்க அங்கு ஏதுமில்லை. காற்றின் வெப்பம் விண்வெளிக்குப் போய்விடுகிறது.

சுமார் 100 கி.மீ.க்கு மேல் கணக்கு எளிது. ஒரு கன செ.மீ.யில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளின் எண்ணிக்கை, ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கை, மோதல் குணகம், வெப்பநிலைக் காரணி, ஒரு கதிர்த்துகளின் ஆற்றல் (1.3×10⁻²⁰ ஜூல்) ஆகியவற்றைப் பெருக்கினால் ஒரு நொடியில் இழக்கும் ஆற்றல் கிடைக்கும். வெப்பநிலைக் காரணி என்பது 2.718-இன் (−960 ÷ கெல்வின் வெப்பநிலை) அடுக்கை இரண்டால் பெருக்கியது. 200 கெல்வினில் இது 0.016, 300 கெல்வினில் 0.08. வெப்பநிலை ஒன்றரை மடங்கானால் குளிர்ச்சி ஐந்து மடங்காகிறது! கீழே இறங்கினால் அடுக்குகள் ஒன்றின் கதிரை ஒன்று கவர்வதால் இந்தச் சூத்திரம் உதவாது.

சிக்கல் மோதல் குணகத்தில்தான். ஆய்வகத்தில் அளந்தால் நொடிக்குச் சுமார் 1.5×10⁻¹² கன செ.மீ. வருகிறது. வளிமண்டலத்தில் அளந்த உமிழ்வுக்குப் பொருந்த வேண்டுமானால் சுமார் 6×10⁻¹² வேண்டும். பல கணினி மாதிரிகள் இடையில் 3×10⁻¹² என்று வைத்துக்கொள்கின்றன. அது சமரசமே தவிர விடையல்ல.

கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் இரட்டித்தால் இடையடுக்கு சுமார் 10 கெல்வினும் வெப்ப அடுக்கு சுமார் 50 கெல்வினும் குளிரும் என்று 1989-இல் ரோபிள், டிக்கின்சன் இருவரும் கணக்கிட்டனர். 2001-இல் ஏவப்பட்ட டைமெட் செயற்கைக்கோளின் சேபர் கருவி இந்த 15 மைக்ரோமீட்டர் உமிழ்வை அளந்துவந்தது. குளிரும் காற்று சுருங்குவதால் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தில் அடர்த்தி குறைகிறது. உராய்வு குறைய, பழுதான செயற்கைக்கோள்களும் உடைந்த துண்டுகளும் கீழே விழ அதிகக் காலம் எடுத்துக்கொள்கின்றன. பெங்களூருவிலிருந்து அவற்றைக் கண்காணிக்கும் இஸ்ரோவைப் போன்ற அமைப்புகளுக்கு, நீண்டகாலக் கணிப்பில் அந்தக் குணகத்தின் மதிப்பும் ஒரு கவலை.