தொடக்க வகுப்புகளில் கற்பித்தல் துணையாளர்: பணிப் பகிர்வும் கற்றல் விளைவும்

திறவுச்சொற்கள்: கற்பித்தல் துணையாளர், சட்டாம்பிள்ளை, தொடக்கக் கல்வி, பணிப் பகிர்வு, அங்கன்வாடி.

முன்னுரை

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர் ஒரே வேளையில் பல பணிகளை ஆற்ற வேண்டியவராக இருக்கிறார். எழுத்து வடிவம் கைவராத குழந்தைக்குக் கைபிடித்து எழுதப் பழக்க வேண்டும். சரளமாக வாசிக்கும் குழந்தைக்கு அடுத்த பாடத்தைத் தர வேண்டும். அழும் குழந்தையைத் தேற்ற வேண்டும். இவற்றுக்கிடையே பதிவேடுகளையும் நிரப்ப வேண்டும். இந்நிலைக்குத் தீர்வாக வகுப்பறைக்குள் இன்னொருவரைத் துணையாக அமர்த்தலாம் என்னும் கருத்து பல நாடுகளில் முன்வைக்கப்பட்டுச் செயற்படுத்தப்பட்டுள்ளது. ஆயினும் அதன் விளைவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. சில இடங்களில் குழந்தைகள் நன்கு கற்றனர். சில இடங்களில் எவ்வித மாற்றமும் நிகழவில்லை. ஓரிடத்தில் துணை பெற்ற குழந்தைகளே பின்தங்கினர். இவ்வேறுபாட்டின் காரணத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

‘உதவி ஆசிரியர்’ என்னும் தொடர் தமிழில் முழுத் தகுதி பெற்ற ஆசிரியரையே குறிக்கிறது. எனவே, ஆசிரியப் பயிற்சி பெறாமல் ஆசிரியரின் பொறுப்பின்கீழ்ப் பணியாற்றுபவரை இக்கட்டுரை ‘துணையாளர்’ எனச் சுட்டுகிறது.

சட்டாம்பிள்ளையும் சென்னை முறையும்

துணையாளர் என்னும் எண்ணம் தமிழ்ச் சூழலுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தான். (இச்சொல்லோடு உறவுடைய ‘சட்டம்பியார்’ யாழ்ப்பாண வழக்கில் ஆசிரியரையே குறிக்கும்.) 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதனைப் புகுத்த விரும்பினார். ஆசிரியர் ஒத்துழைக்காததால் மாணவனொருவனைக் கொண்டே கீழ்வகுப்புக்கு அரிச்சுவடி கற்பிக்கச் செய்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின்வழி இம்முறை இங்கிலாந்தில் ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்றது.

இம்முறை பரவியதற்கு அதன் குறைந்த செலவே முதன்மைக் காரணம். ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான மாணவரைப் பயிற்றலாம் என்பதே அதன் கவர்ச்சி. துணையாளரை ஆசிரியருக்கு மலிவான மாற்றாகக் கருதும் போக்கு அன்று தோன்றியது; இன்றும் முற்றிலும் மறையவில்லை.

டென்னசி ஆய்வு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடைபெற்ற ‘ஸ்டார்’ ஆய்வு, மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை 79 பள்ளிகளில் மேற்கொள்ளப்பட்டது. குழந்தைகளும் ஆசிரியர்களும் குலுக்கல் முறையில் மூவகை வகுப்புகளுக்குப் பிரிக்கப்பட்டனர்: 13 முதல் 17 குழந்தைகள் கொண்ட சிறு வகுப்பு, 22 முதல் 25 குழந்தைகள் கொண்ட வழக்கமான வகுப்பு, அதே அளவினதாய் முழுநேரத் துணையாளரும் உள்ள வகுப்பு. சிறு வகுப்புக் குழந்தைகள் தெளிவாக முன்னேறினர். துணையாளர் இருந்த வகுப்புகளோ வழக்கமான வகுப்புகளிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை.

துணையாளரால் பயனில்லை என இதனைக் கொண்டு முடிவுகட்டுவது பொருந்தாது. முதல் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, வழக்கமான வகுப்புகள் பலவற்றுக்கும் பகுதிநேரத் துணை கிடைத்து வந்தது. ஆகவே ஒப்பீடு முற்றிலும் தூயதன்று. அதனினும் முக்கியமானது, துணையாளர் என்ன செய்ய வேண்டும் என்பது வரையறுக்கப்படாமல் ஒவ்வோர் ஆசிரியரின் விருப்பத்துக்கும் விடப்பட்டமையாகும். ஆய்வு அளந்தது ஓர் ஆளின் இருப்பையே அன்றி, ஒரு பணியின் விளைவை அன்று.

இங்கிலாந்து தந்த எச்சரிக்கை

இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் ஆசிரியர் பணிச்சுமை ஒப்பந்தத்தை ஒட்டித் துணையாளர் எண்ணிக்கை பெருகியது. பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையிலான குழு 2003 முதல் 2008 வரை மேற்கொண்ட ஆய்வு, துணையாளரிடம் மிகுதியாக உதவி பெற்ற மாணவர்கள், அவர்களை ஒத்த பிற மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறினர் எனக் கண்டது. முன்னைய மதிப்பெண்ணும் சிறப்புத் தேவையும் கணக்கில் கொள்ளப்பட்ட பின்னரும் இம்முடிவு மாறவில்லை.

காரணம் துணையாளரின் அக்கறைக் குறைவன்று. பின்தங்கிய குழந்தைகள் துணையாளரிடம் ஒப்படைக்கப்பட்டதால், அவர்கள் ஆசிரியரோடு உரையாடும் நேரம் குறைந்தது. கூடுதல் திறன் வேண்டும் கற்பித்தல், குறைந்த பயிற்சி பெற்றவரிடம் சென்று சேர்ந்தது. துணையாளர்களும் குழந்தை புரிந்துகொள்வதைவிடப் பணியை முடிப்பதிலேயே கருத்தூன்றினர். விடையைத் தாமே தந்தனர்.

தமிழ் எழுத்துக் கற்பித்தலில் இது எவ்வாறு நிகழக்கூடும் என எண்ணிப் பார்க்கலாம். ‘கெ’ என எழுத வேண்டிய குழந்தை ககரத்தை முதலில் எழுதிக் கொம்பைப் பின்னால் இடுகிறது. ஒலிப்பில் மெய் முன்னும் உயிர் பின்னும் வருதலின், குழந்தையின் பிழைக்கு ஒரு தருக்கம் உண்டு. பயிற்சியில்லாதவர் அதனை அழித்துத் தாமே திருத்தி எழுதுவார், ஏடு பிழையற்றதாகிவிடும். பயிற்சி பெற்றவரோ குழந்தையை ஒலித்துக் காட்டச் செய்து, ஒலிப்பின் வரிசையும் எழுத்தின் வரிசையும் வேறுபடும் இடத்தைக் குழந்தையே காணுமாறு செய்வார். முதலாமவரின் உதவி நாள்தோறும் தொடர்ந்தால், குழந்தை உதவிக்குக் காத்திருக்கவே பழகும்.

இந்திய ஆய்வுகள்

மும்பையிலும் வதோதராவிலும் ‘பிரதம்’ அமைப்பு நடத்திய ‘பால்சகி’ திட்டத்தில், உள்ளூர் இளம்பெண்கள் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 குழந்தைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பித்தனர். இரண்டாம் ஆண்டில் மதிப்பெண் 0.28 திட்டவிலக்க அளவு உயர்ந்தது. வகுப்பில் எஞ்சியிருந்த குழந்தைகளிடம் இவ்வுயர்வு காணப்படவில்லை. இங்கும் பின்தங்கிய குழந்தையே துணையாளரிடம் சென்றது. எனினும் விளைவு இங்கிலாந்தின் விளைவுக்கு நேர்மாறாக அமைந்தது. துணையாளருக்குப் பயிற்சியும் பாடத்திட்டமும் வரையறுத்த நேரமும் இருந்தமையே வேறுபாடு. இங்கிலாந்திலேயே ‘நெல்லி’ எனப்படும் 20 வாரப் பேச்சுமொழித் திட்டம், பயிற்சி பெற்ற துணையாளர்களால் நடத்தப்பட்டு நற்பயன் தந்துள்ளதும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்களில் கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகியோர் செய்த ஆய்வு தொடக்கப்பள்ளிக்கு முந்தைய நிலையைச் சார்ந்தது எனினும், இப்பொருளுக்கு மிக அணுக்கமானது. 320 மையங்களுள் 160இல் அரைநேரப் பணியாளர் ஒருவர் முன்பருவக் கல்விக்கென்றே சேர்க்கப்பட்டார். கற்பித்தல் நேரம் இருமடங்காயிற்று. 18 மாதங்களுக்குப்பின், மையங்களில் தொடர்ந்து பயின்ற குழந்தைகளிடம் கணிதத்தில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்க அளவு முன்னேற்றம் காணப்பட்டது. அங்கன்வாடிப் பணியாளருக்கு உடல்நலப் பணிகளுக்கான நேரம் கூடியதால், வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. ஒருவர் எதைச் செய்வார், மற்றவர் எதிலிருந்து விடுபடுவார் என்னும் இரண்டும் இங்கு முன்னரே முடிவுசெய்யப்பட்டிருந்தன.

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என வகுத்தது; 60 வரை குழந்தைகள் உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்றது. ஆகவே சிறிய பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்து நடத்துகின்றனர். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் மாலை வேளையில், பள்ளி நேரத்துக்கு வெளியே கற்பித்தனர். வகுப்பறைத் துணையாளர் என்னும் வரையறைக்குள் அவர்கள் அடங்கார்.

இத்தகைய பள்ளியில் துணையாளர் அமர்த்தப்படின், பின்தங்கிய குழந்தைகளை நாள் முழுதும் அவரிடம் விடுவதைவிட, எழுதிப் பழகும் பிற குழந்தைகளை அவர் மேற்பார்க்க, ஆசிரியர் பின்தங்கியோருடன் அமர்வதே பொருத்தமானது என்பது கட்டுரையாளரின் கருத்து. துணையாளரே கற்பிக்கும் வேளை குறுகியதாகவும், முன்கூட்டி வகுத்த பாடத்தோடும் அமைதல் வேண்டும். இதற்கு ஆசிரியரும் துணையாளரும் கலந்துபேச நேரம் தேவை. இங்கிலாந்தில் துணையாளருக்கான ஊதிய நேரம் பெரும்பாலும் குழந்தைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தோடு முடிந்தமையால், அன்றைய பாடம் இன்னதென வகுப்பில் நுழைந்த பின்னரே பலர் அறிந்தனர். நாளொன்றுக்கு அரைமணி நேரம் கூட்டி ஊதியம் வழங்குவது நிதித்துறைக்குச் சிறு செலவாகத் தோன்றாது. ஆயினும் பணியாணையில் அந்த அரைமணி இடம்பெறாவிடின், துணையாளர் அன்றாடம் விடையை எழுதிக்கொடுப்பவராகவே எஞ்சக்கூடும்.