உங்களுக்குத் தெரியுமா? – ‘வசூலுக்கு விஷம்’ என்று பேர் வாங்கியவர்

மறுநாள் கல்யாணம். மணப்பெண் வீட்டில் முன்னாள் கணவனும் ஒரு பத்திரிகைக்காரனும் வந்து இறங்குகிறார்கள். 1940-இல் வந்த ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’ படத்தின் கதை இவ்வளவுதான். திரைக்குப் பின்னால் நடந்த கதை இதைவிட சுவாரசியம்!

1938-இல் அமெரிக்கத் தியேட்டர்காரர்கள் சங்கம் ஒன்று, ‘இவர்கள் வசூலுக்கு விஷம்’ என்று சில நட்சத்திரங்களின் பெயரைப் போட்டு விளம்பரமே கொடுத்தது. பட்டியலில் கேத்தரின் ஹெப்பர்னும் உண்டு. மனம் தளராமல் நாடக மேடைக்குப் போனார். அவரை மனத்தில் வைத்து ஃபிலிப் பேரி எழுதிய நாடகம் 1939 மார்ச்சில் பிராட்வேயில் அரங்கேறி, 417 காட்சிகள் ஓடியது.

கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹ்யூஸ் அதன் பட உரிமையை வாங்கி ஹெப்பர்னிடமே கொடுத்தார். எம்.ஜி.எம். ஸ்டூடியோ கேட்டு வந்தது. உரிமையைத் தர ஹெப்பர்ன் விதித்த முதல் நிபந்தனை, கதாநாயகி தான்தான் என்பது. இயக்குநராக ஜார்ஜ் க்யூகரும் அவர் விருப்பப்படியே வந்தார். ஜோடியாக அவர் கேட்டது கிளார்க் கேபிளையும் ஸ்பென்சர் டிரேசியையும். கிடைத்தது கேரி கிராண்ட்டும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும். கேட்டது கிடைக்காததும் நல்லதுக்குத்தான்.

நாடகத்தில் நாயகிக்கு ஓர் அண்ணன் உண்டு. படத்தில் அவரைக் காணோம். அவர் செய்ததையெல்லாம் முன்னாள் கணவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

போதையில் ஸ்டூவர்ட் நள்ளிரவில் கிராண்ட் வீட்டுக்கு வரும் காட்சியில் ஒரு விக்கல் வரும். ஒத்திகையில் இல்லாதது அது. ஸ்டூவர்ட் சொல்லாமல் கொள்ளாமல் விட்டது. கிராண்ட் சட்டென்று சமாளிப்பதையும், இருவரும் சிரிப்பை அடக்கப் படும் பாட்டையும் கவனித்துப் பாருங்கள்.

கிராண்ட் தன் சம்பளம் முழுவதையும் பிரிட்டனின் போர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

ஸ்டூவர்ட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பென்சில்வேனியாவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அவர் அப்பா, சிலையைக் கடையிலேயே காட்சிக்கு வைத்துவிட்டார்! திரைக்கதை எழுதிய டொனால்ட் ஆக்டன் ஸ்டூவர்ட்டுக்கும் ஓர் ஆஸ்கர். இத்தனைக்கும் காரணமான ஹெப்பர்னுக்கு மட்டும் கிடையாது. அந்த ஆண்டு சிறந்த நடிகை ஜிஞ்சர் ரோஜர்ஸ்.

இதே கதை 1956-இல் பாட்டுகளோடு ‘ஹை சொசைட்டி’ ஆனது. அதில் கிரேஸ் கெல்லி விரலில் மின்னுவது, மொனாக்கோ இளவரசர் போட்ட அசல் நிச்சயதார்த்த மோதிரம். அதுவே அவர் நடித்த கடைசிப் படமும்கூட.