ராத்திரிக்கு என்ன டிபன்? அரை மணியில் அடுப்பை அணைக்க 5 அயிட்டங்கள்!

சென்னை நகரில் தினமும் ராத்திரி 8 மணிக்கு ஒரு விசாரணை நடக்கிறது. போலீஸ் நிலையத்தில் அல்ல. சமையல்கட்டில்!

"இன்னிக்கு என்ன டிபன்?"

இதுதான் கேள்வி. கேட்பவர்கள் வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமனார், மாமியார். கூண்டில் நிற்பவர், அப்போதுதான் மின்சார ரெயிலில் இருந்து இறங்கி, கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவிய குடும்பத்தலைவி.

பாரிமுனையில் 6 மணிக்கு ஆபீஸ் விட்டு, கடற்கரை நிலையத்தில் ரெயில் பிடித்தால் தாம்பரம் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்புறம் பஸ்சோ, ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். வீட்டு வாசலை மிதிக்கும்போது ஏழரை தாண்டிவிடும். ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கம் போகிறவர்கள் கதையும் இதேதான்.

வீட்டில் இட்லி மாவு இருந்தால் பிழைத்தோம். மாவு தீர்ந்துபோன நாளில்தான் ஆபத்து.

"ஓட்டலில் பார்சல் வாங்கிட்டா போச்சு" என்பார் வீட்டுக்காரர். சொல்வது சுலபம். நாலு பேருக்கு டிபன் பார்சல் என்றால் சில நூறு ரூபாய் பறந்துவிடும். அதற்குமேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி. முதல் தேதி வாக்கில் வாங்கலாம். 25-ம் தேதிக்குமேல் கை வருமா?

289 நிமிடம், 88 நிமிடம்!

இந்த ராத்திரி சமையலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

யார் யார் எத்தனை நேரம் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று மத்திய அரசு 2024-ம் ஆண்டில் நாடு முழுவதும் கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாள் ஒன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். அதாவது 5 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம்.

அதுவும் எப்படி? வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் இந்த 88. எட்டிப் பார்க்காத ஆசாமிகள் இந்தக் கணக்கிலேயே இல்லை!

ஆகவே, கீழே வரும் ஐந்து அயிட்டங்களும் குடும்பத்தலைவிகளுக்கு மட்டும் அல்ல. கடையைச் சாத்திவிட்டு வரும் வியாபாரி, ரூம் எடுத்துத் தங்கி இருக்கும் பையன், பஸ்சில் நின்றபடி இதைப் படிக்கும் குமாஸ்தா, எல்லாருக்கும்தான். எல்லாமே நாலு பேர் சாப்பிடும் அளவு. டம்ளர் என்றால் 200 மில்லி டம்ளர்.

ரேஷன் பையிலேயே பாதி சமையல்!

முதலில் சாமான் விஷயம். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2007-ம் ஆண்டில் தொடங்கிய சிறப்பு பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. மாதம் கார்டுக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர்.

"ரேஷன் அரிசியா? அது கோழிக்குத்தான்" என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். சோறாக வடித்தால் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் அடைக்கும் இட்லிக்கும் அந்தப் புழுங்கல் அரிசியைத்தான் எத்தனையோ வீடுகளில் ஊறப் போடுகிறார்கள்.

இனி அயிட்டங்களைப் பார்ப்போம்.

1. அரிசியும் பருப்பும் ஒரே குக்கரில்

கோவை, ஈரோடு பக்கத்து வீடுகளில் இது பிரசித்தம். குழம்பு தனி, சாதம் தனி என்ற பேச்சே கிடையாது.

அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர். இரண்டையும் கழுவி 15 நிமிடம் ஊற வையுங்கள். அதற்குள் சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், தக்காளி 2 ஆகியவற்றை உரித்து நறுக்கி விடலாம்.

குக்கரில் எண்ணெய் ஊற்றி கடுகு, சீரகம், கறிவேப்பிலை, வரமிளகாய் 3 தாளித்து, வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்க வேண்டும். மஞ்சள்தூள் கொஞ்சம், சாம்பார் பொடி 2 ஸ்பூன், உப்பு போட்டு 6 டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பழைய அரிசியாக இருந்தால் இன்னும் அரை டம்ளர். கொதி வந்ததும் அரிசி, பருப்பைப் போட்டு மூடி 3 விசில்.

ஆவி அடங்கியதும் திறந்து ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக் கிளறினால் முடிந்தது. தொட்டுக்கொள்ள அப்பளம், ஊறுகாய் போதும். ஒரே பாத்திரம்தான் கழுவ வேண்டும் என்பது கூடுதல் லாபம்!

2. அரிசி உப்புமா

'உப்புமா' என்றதும் ஓடுகிறவர்கள்கூட அரிசி உப்புமாவுக்கு நிற்பார்கள்.

பச்சரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளர், மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன். இவற்றை மிக்சியில் ரவை பதத்துக்கு உடைக்க வேண்டும். மாவாகி விட்டால் உப்புமா களியாகி விடும், ஜாக்கிரதை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உடைத்து டப்பாவில் வைத்துக்கொண்டால் வாரம் முழுக்க கவலை இல்லை.

கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ரவை ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் என்ற கணக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு போட்டுக் கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, தீயைக் குறைத்து, தட்டு போட்டு மூடி 15 நிமிடம். நடுவில் ஒரு தடவை கிளறினால் போதும்.

இறக்கும்போது தேங்காய்த்துருவல் ஒரு கைப்பிடி. அடியில் பிடிக்கும் காந்தலுக்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

3. கோதுமை தோசை

மாவு அரைக்க வேண்டாம், புளிக்க வைக்க வேண்டாம். கோதுமை மாவு 2 டம்ளர், அரிசி மாவு அரை டம்ளர், உப்பு, ஒரு கரண்டி புளித்த மோர். கட்டி இல்லாமல் தண்ணீராகக் கரைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், கறிவேப்பிலை சேருங்கள்.

சூட்சுமம் ஊற்றுவதில்தான் இருக்கிறது. கல் நன்றாகக் காய வேண்டும். ஓரத்தில் இருந்து வட்டமாக ஊற்றி நடுவுக்கு வர வேண்டும். கரண்டியால் தேய்த்தால் கிழிந்து போகும். ரவா தோசை போல ஓட்டை ஓட்டையாக வந்தால் ஜெயம்!

தக்காளி 4, வெங்காயம் 2, வரமிளகாய் 4, துளி புளி. இவற்றை வதக்கி, ஆறவிட்டு அரைத்தால் சட்னி ரெடி.

4. முருங்கைக்கீரை அடை

இதில் வேலை கொஞ்சம் முன்னாடியே தொடங்க வேண்டும். ஆனால் மாவு புளிக்கத் தேவை இல்லை. அரைத்த கையோடு வார்க்கலாம்.

ரேஷன் புழுங்கல் அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், உளுந்து கால் டம்ளர், வரமிளகாய் 8. மூன்று மணி நேரம் ஊற வேண்டும். காலையில் ஊறப் போட்டுவிட்டு ஆபீஸ் போனால் சென்னை வெயிலுக்குப் புளித்து நாறிவிடும். பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு வரும் பிள்ளையிடம் சொல்லிவிட்டால் ஏழரைக்குத் தயாராக இருக்கும். கழுவித் தண்ணீர் ஊற்றுவதற்கு எட்டாம் கிளாஸ் பையன் போதாதா?

உப்பு, சீரகம், பெருங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி கலந்து, கனமாக வார்த்து, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விடுங்கள். மிதமான தீயில் இரண்டு பக்கமும் சிவக்க வேண்டும். பருப்பும் கீரையும் சேர்ந்து இருப்பதால் வயிறு நிற்கும். தொட்டுக்கொள்ள ஒரு துண்டு வெல்லம் போதும்.

5. உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு

சோறு மட்டும் வடித்தால் போதும். மத்தியானம் வைத்த புளிக்குழம்பு மிச்சம் இருக்கிறதா? அதை நன்றாகக் கொதிக்க வையுங்கள். தீயைக் குறைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து, மெதுவாகக் குழம்பில் இறக்குங்கள். கரண்டி போடக் கூடாது. மூடி வைத்தால் 6, 7 நிமிடத்தில் வெந்துவிடும்.

முதலில் கிண்ணத்தில் உடைப்பது ஏன்? ஒரு முட்டை கெட்டிருந்தாலும் மொத்தக் குழம்பும் பாழ். அதனால்தான்.

குழம்பு மிச்சம் இல்லாவிட்டால், எலுமிச்சை அளவு புளி, சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், தக்காளி 2, குழம்பு மிளகாய்த்தூள் 3 ஸ்பூன். வதக்கிக் கொதிக்கவிட்டால் கால் மணியில் புதுக் குழம்பு.

மிச்ச சோறு: உஷார்!

ராத்திரி அவசரத்தில் பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. காலையில் வடித்த சோற்றை அப்படியே மேடையில் வைத்திருந்து ராத்திரி சூடு பண்ணிச் சாப்பிடுவது.

அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை பெருகி விஷத்தைக் கக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. வாந்தி, பேதிதான் மிச்சம். சோறு மிஞ்சினால் சீக்கிரம் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சாம்பாருக்கும் இதே விதிதான்.

பார்சல் வாங்கியே தீர வேண்டிய நாளில் தூக்குச்சட்டியை எடுத்துப் போங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கவருக்கு 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் தடை. கொதிக்கும் சாம்பாரை அதில் கட்டி வாங்குவது உடம்புக்கும் ஆகாது.

ஆளுக்கு ஒரு வேலை!

ஐந்து அயிட்டங்களையும் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அடுப்படியில் நிற்கும் நேரம் குறைவுதான். நேரத்தை விழுங்குவது வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, ஊறப் போடுவது, பாத்திரம் கழுவுவது.

மாம்பலம் ரங்கநாதன் தெருவில் கீரைக்கட்டு வாங்குவது ரெயிலில் வருபவர் வேலை. ஆய்வது டி.வி. பார்க்கும் தாத்தா, பாட்டி வேலை. ஊறப் போடுவது பிள்ளை வேலை. வெங்காயம் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் வீட்டுக்காரர் வேலை. இப்படிப் பிரித்துக்கொண்டால் எட்டே காலுக்கு இலை போட்டுவிடலாம். அந்த 88 நிமிடக் கணக்கும் கொஞ்சம் ஏறும்.

கியாசும் மிச்சமாகும். அரிசி, பருப்பு ஊறினால் சீக்கிரம் வேகும். மூடி போட்டு சமைக்க வேண்டும். கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் இன்னும் சில நாள் கூடுதலாக வரும்.

கடைசியாக ஒன்று. சாப்பிட்டு முடித்த அலுப்பில் பலர் ரெகுலேட்டரை மூடாமலே படுத்து விடுகிறார்கள். சமையல் கியாஸ் காற்றைவிட கனம். கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வாசனை வந்தால் லைட் சுவிட்சைத் தொடக் கூடாது, தீக்குச்சி கிழிக்கக் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் எடுப்பார்கள்.