பெட்ரோல் வாடை அடிக்குதா? ரப்பர் ஹோஸைப் பாருங்க!

பழைய ‘ஹெரால்டு’ கார்க்காரர்களே, உஷார்!

விருதுநகர்,

“அண்ணாச்சி, பெட்ரோல் வாடை குப்புனு அடிக்குதே!”

“பழைய வண்டின்னா அப்படித்தாம்ப்பா இருக்கும்.”

இப்படிப் பதில் சொல்லும் கார்க்காரரா நீங்கள்? தீப்பெட்டி, பட்டாசு செய்து பிழைக்கும் நம் ஜில்லாவில் தீயைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு பொறி போதும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பானெட்டுக்குள் கிடக்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸை யாரும் நினைப்பதில்லை!

சீமைக் கார்

இங்கிலாந்தில் 1959-ல் வந்தது ‘ட்ரையம்ப் ஹெரால்டு’. அதையே 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் மெட்ராசில் தயாரித்தார்கள். அதன் சேஸிஸைக் குறுக்கி இங்கிலாந்தில் 1962-ல் செய்ததுதான் ‘ஸ்பிட்பயர்’ ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினும் ஒரே வம்சம். ஆகவே வைத்தியமும் ஒன்றே!

பெட்ரோல் மாறிப்போச்சு

அந்தக் காலத்து ரப்பர் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு. இன்று பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் என்றால் கரும்பு, தானியத்தில் இருந்து எடுக்கும் சாராயச் சத்து. 2023-ல் சில பங்க்குகளில் ஆரம்பித்து, 2025-ல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. இது பட்டால் பழைய ரப்பர் ஊதும், கீறல் விடும். சில பழைய வண்டிகளில் ரப்பர் சாமான்களை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது.

கசிந்த பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் கீழேயே தங்கி நிற்கும். பக்கத்திலேயே புகைக் குழாய் கொதிக்கிறது, பிளக் வயர் போகிறது. அப்புறம் கேட்கவா வேண்டும்?

என்ன செய்யணும்?

எஞ்சின் ஆறட்டும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பீடி, சிகரெட் கிட்டவே வரக் கூடாது.

டேங்கில் இருந்து பம்ப், பம்பில் இருந்து கார்புரேட்டர்... வழியில் உள்ள ரப்பர் இணைப்பு எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். மடக்கினால் கீறல் தெரிகிறதா? அமுக்கினால் பிசுபிசுக்கிறதா? அந்த ஹோஸ் செத்துப்போச்சு!

தண்ணீர் ஹோஸ், காற்று ஹோஸ் எதுவும் உதவாது. எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ்தான் வேண்டும். ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று மேலேயே அச்சிட்டிருக்கும். உள் அளவு சரியாக இருக்கட்டும். கிளிப்பை ரப்பர் அறுபடும் அளவுக்கு முறுக்காதீர்கள்.

ஆவி ஹோஸ்

வால்வு மூடியில் இருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸ் எஞ்சின் ஆவியை இழுத்து எரிக்க விடுவது. “எதுக்கு இது?” என்று அடைத்தீர்களோ, உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியே ஆயில் ஒழுகும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன வாக்குவம் ஹோஸ் வெடித்தால் வண்டி பெட்ரோல் குடிக்கும்.

1970-களில் அமெரிக்கா போன ஸ்பிட்பயரில் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா வேறு உண்டு. பானெட்டைத் திறந்தால் ஹோஸ் காடுதான்! எந்த வண்டியானாலும் ஒன்றைக் கழற்றி, புதுசை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். முதலிலேயே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் குழப்பமில்லை.

சான்றிதழ் போதாது!

“புகைச் சான்றிதழ் வாங்கியாச்சே” என்கிறீர்களா? அந்த மெஷின் சைலன்சர் புகையைத்தான் அளக்கும். ஹோஸ் கசிவதை அது சொல்லாது. அதைச் சொல்வது உங்கள் மூக்குதான்.

வேலை முடிந்ததும் பானெட்டைத் திறந்தபடியே வண்டியை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் உடனே ஆப் பண்ணுங்கள். ஹோஸ் மாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான்.

பட்டாசு தீபாவளிக்கு வெடித்தால் போதும் அண்ணாச்சி, பானெட்டுக்குள்ளே வேண்டாம்!